நட்டம் மட்டும் நாட்டுடைமையா?

(பொருளாதாரப் பயிற்சி வகுப்பொன்றில் ஆற்றிய உரை)



கம்பெனிகள் பிறப்பதும், வளர்வதும், திவாலாகி மறைவதும் முதலாளித்துவ உலகிலே அன்றாட நிகழ்ச்சி. ஒவ்வொன்றுக்கும் ஒப்பாரி வைக்க நமக்கு நேரமுமில்லை; தேவையுமில்லை. ஆயினும் அமெரிக்க நாட்டிலே, கலிபோர்னியா மாநிலத்திலே, பிரீமாண்ட் என்னும் நகரிலே இருந்து, 2011-ம் ஆண்டு செப்டம்பர் 6-ம் நாள் திவால் மனு கொடுத்த ஒரு கம்பெனியைப் பற்றி இன்று உங்களிடம் விரிவாகப் பேச விரும்புகிறேன். சோலிண்ட்ரா என்பது அதன் பெயர். சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவிகளைச் செய்து விற்ற கம்பெனி அது.

அது வீழ்ந்தபோது முதலாளிகளின் பணம் மட்டுமா வீழ்ந்தது? இல்லை. அமெரிக்க மக்களின் பொதுப்பணம், ஏறத்தாழ 52 கோடியே 80 இலட்சம் டாலர், அதனோடு சேர்ந்து புதைகுழிக்குள் போயிற்று.

உடனே இரண்டு குரல்கள் எழுந்தன. "பார்த்தீர்களா! அரசு தொழிலிலே தலையிட்டால் இதுதான் கதி. இனி எவருக்கும் உதவி கூடாது; சந்தையை அதன் போக்கிலே விடுங்கள்" என்றது ஒரு குரல். "பெருந்திட்டத்திலே ஒரு சிறு பழுது; போனது போகட்டும்" என்றது மற்றொரு குரல். வயிற்றுவலி வந்தவனைப் பார்த்து, இனி உணவே உண்ணாதே என்று சொல்லும் வைத்தியர் முன்னவர். வலியே இல்லை என்று சாதிப்பவர் பின்னவர். இருவரும் நோயாளியின் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவில்லை!

தோழர்களே! அரசு பணம் தந்ததல்ல குற்றம். தந்த முறைதான் குற்றம். சொந்தக்காரனுக்குரிய ஆபத்தையெல்லாம் தன் தோளிலே ஏற்றுக்கொண்ட அந்த அரசு, சொந்தக்காரனுக்குரிய உரிமையை மட்டும் கேட்டுப் பெறவில்லை. இந்த ஒன்றைத்தான் இன்று உங்கள் முன் நிறுவ வந்திருக்கிறேன்.

கண்ணாடிக் குழாயின் கதை

சோலிண்ட்ரா 2005-ம் ஆண்டிலே தோன்றியது. அந்நாளில் உலகச் சந்தைக்கு வந்த சூரிய ஒளித் தகடுகளிற் பெரும்பாலானவை சிலிக்கனால் ஆனவை. சிலிக்கனுக்கோ கடும் தட்டுப்பாடு. காரணம் என்ன? ஜெர்மனி நாடு 2000-ம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றி, சூரிய மின்சாரம் உற்பத்தி செய்வோருக்கு 20 ஆண்டுகள் உறுதியான விலை தருவதாக அறிவித்தது. வீட்டுக் கூரைகளிலும் தொழுவத்துக் கூரைகளிலும் தகடுகள் ஏறின. தேவை பெருகியது, சிலிக்கன் விலையும் ஏறியது. 2008-ம் ஆண்டில் ஒரு கிலோ 400 டாலருக்கு மேலும் விலை போயிற்று.

இந்த நெருக்கடியிலேதான் சோலிண்ட்ரா ஒரு புதுவழி காட்டியது. சிலிக்கனே வேண்டாம், தாமிரம், இண்டியம், காலியம், செலினியம் என்ற நான்கும் சேர்ந்த மெல்லிய பூச்சைக் கண்ணாடிக் குழாயின்மீது பூசி, அதனை வேறொரு கண்ணாடிக் குழாய்க்குள் அடைத்து, அத்தகைய குழாய்களை வரிசையாக அடுக்கி ஒரு சட்டமாக்கினார்கள். குழாய் உருண்டையானது, ஆகவே கதிரவன் எத்திசையில் நின்றாலும் அதன் ஒரு பக்கத்திலே ஒளி நேராக விழும். கூரைக்கு வெள்ளை பூசிவிட்டால், கீழே பட்டுத் திரும்பும் ஒளியையும் குழாயின் அடிப்புறம் ஏந்திக் கொள்ளும். இடைவெளியில் காற்று புகுந்து போய்விடும். ஆகவே தகட்டைக் கூரையோடு இறுக்கிப் பிணைக்கும் செலவு குறையும். பெரிய கடைகள், கிடங்குகள் ஆகியவற்றின் தட்டைக் கூரைகளுக்கென்றே ஆக்கப்பட்ட கருவி அது.

அறிவு மெச்சத்தக்கதே. ஆனால், தோழர்களே, வளைந்த கண்ணாடியிலே பூசுவது தட்டைக் கண்ணாடியிலே பூசுவதைவிடச் சிக்கலான வேலை, செலவும் மிகுதி. அந்த மிகுதிச் செலவு தாங்க வேண்டுமானால், எதிராளியின் தகடு விலையுயர்ந்ததாகவே இருந்தாக வேண்டும். அதாவது, சோலிண்ட்ராவின் எதிர்காலம் முழுவதும் ஒரே ஆணியிலே தொங்கியது. சிலிக்கன் விலை என்பது அந்த ஆணி!

பிணை நின்றவர் யார்?

இனி அரசு உள்ளே நுழைந்த வழியைப் பார்ப்போம். 2005-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஜார்ஜ் புஷ் குடியரசுத் தலைவராக இருந்தபோது, எரிசக்திக் கொள்கைச் சட்டம் நிறைவேறியது. புதுமையான எரிசக்தித் தொழில்களுக்கு வங்கிகள் கடன் தர அஞ்சுகின்றன; ஆகவே அக்கடனுக்கு அரசு பிணை நிற்கும் என்றது அச்சட்டம். நம் ஊர் வழக்கிலே சொன்னால், ஜாமீன் கையெழுத்து! சோலிண்ட்ரா 2006-ம் ஆண்டிலேயே விண்ணப்பம் கொடுத்தது. 143 விண்ணப்பங்களிலிருந்து 2007-ல் பொறுக்கியெடுக்கப்பட்ட 16-ல் அதுவும் ஒன்று.

2009 ஜனவரியில், புஷ் ஆட்சி முடியும் தறுவாயில், எரிசக்தித் துறையின் கடன் குழு அந்த விண்ணப்பத்தைத் திருப்பியனுப்பியது. இன்னும் ஆராய வேண்டியவை உள்ளன என்றது. அதே மாதம் ஆட்சி மாறியது. ஜனநாயகக் கட்சியின் பராக் ஒபாமா குடியரசுத் தலைவரானார். 2008-ல் வெடித்த நிதி நெருக்கடியால் இலட்சக்கணக்கானோர் வேலையிழந்து நின்ற நேரம். பிப்ரவரி மாதம் பொருளாதார மீட்புச் சட்டம் வந்தது. பிணைக்கான கட்டணத்தைக் கடன் வாங்குகிறவனே கட்ட வேண்டும் என்பது பழைய ஏற்பாடு. அந்தக் கட்டணத்தையும் அரசே கட்டும் என்பது புதிய ஏற்பாடு. மார்ச்சு மாதமே சோலிண்ட்ராவுக்கு 53 கோடியே 50 இலட்சம் டாலர் கடனுக்கான நிபந்தனை இசைவு கிடைத்தது. அத்திட்டத்திலே பிணை பெற்ற முதல் கம்பெனி அதுவே.

கடன் கொடுத்தது தனியார் வங்கியா? அதுவும் இல்லை. அரசின் கருவூலத்தைச் சேர்ந்த கூட்டாட்சி நிதி வங்கிதான் கொடுத்தது. ஒரு கை கடன் கொடுத்தது; மறு கை அதற்குப் பிணை நின்றது; பிணைக்கான கட்டணத்தையும் அதே உடல்தான் கட்டியது! புதிய தொழிற்சாலைக்கு மதிப்பிட்ட செலவு 73 கோடியே 30 இலட்சம் டாலர். அதிலே நூற்றுக்கு 73 பங்கு பொதுப்பணம். இவ்வளவு கொடுத்தவனுக்குக் கம்பெனியிலே எத்தனை பங்கு? ஒன்றுகூட இல்லை. நிர்வாகக் குழுவிலே எத்தனை நாற்காலி? அதுவும் இல்லை. கம்பெனி வாழ்ந்தால் அசலும் வட்டியும் வரும்; வீழ்ந்தால் எல்லாம் போகும். 'ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே' என்று நம் பெரியோர் சொன்னது, இந்த ஏற்பாட்டைப் பார்க்காமலே சொன்னதுதான்!

விழாவுக்கு நாள் குறித்தபின்

2009 செப்டம்பர் 4-ம் நாள் புதிய தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டு விழா. எரிசக்தி அமைச்சர் ஸ்டீவன் சூ நேரிலே வந்தார். துணைக் குடியரசுத் தலைவர் ஜோ பைடன் தொலைக்காட்சித் திரையிலே தோன்றினார். அந்த விழாவுக்கு முந்திய வாரங்களில், வரவு செலவு அலுவலகத்து அதிகாரிகள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட மின்னஞ்சல்கள் பின்னர் நாடாளுமன்ற விசாரணையில் வெளிவந்தன. ஆராய்வதற்குப் போதிய நேரம் தராமல் விழா நாளைக் காட்டி அவசரப்படுத்துகிறார்களே என்ற மனக்குறை அவற்றிலே தெரிந்தது.

நாள் குறித்த பின்னர் ஜாதகம் பார்த்தால் எந்தச் சோதிடன் பொருத்தமில்லை என்று சொல்வான்? பந்தல் போட்டாகிவிட்டது, மேளக்காரரும் வந்துவிட்டார். அப்போது தோஷத்தைச் சொல்பவன் பகையாளி! அரசாங்க அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் அதிகாரியின் நிலையும் அப்படியே ஆயிற்று. கணக்கு விழாவுக்கு முன்னே நடக்க வேண்டும். விழா கணக்குக்கு முன்னே நடந்துவிட்டது.

அடுத்த ஆண்டு மார்ச்சு மாதம், பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்கச் சோலிண்ட்ரா முயன்றுகொண்டிருந்தபோது, அதன் தணிக்கையாளர்களே ஓர் எச்சரிக்கை எழுதினார்கள்: தொடங்கிய நாள் முதலாகத் தொடர்ந்து நட்டம், இந்தக் கம்பெனி தொடர்ந்து நடக்குமா என்பதிலே பெரும் ஐயம் இருக்கிறது என்று. அந்த எச்சரிக்கைக்குப் பின்னர்தான், 2010 மே 26-ம் நாள், குடியரசுத் தலைவர் ஒபாமா பிரீமாண்ட் தொழிற்சாலைக்கு வந்து, நாட்டின் பொருளாதார வளர்ச்சிக்கு இத்தகைய கம்பெனிகளே வழி என்று புகழ்ந்தார். அடுத்த ஜூன் மாதமே பங்கு விற்பனைத் திட்டம் கைவிடப்பட்டது.

சூரியன் தோற்கவில்லை

ஏன் நட்டம்? முன்னே சொன்னேனே, அந்த ஆணி கழன்றது! சிலிக்கன் விலை உயர்ந்ததைக் கண்டு உலகெங்கும் புதிய சிலிக்கன் ஆலைகள் எழுந்தன. 2008-ல் 400 டாலரைத் தாண்டிய விலை, 2011-ன் இறுதியில் 30 டாலர் அளவுக்கு இறங்கிவிட்டது. சீனத்திலோ சூரியத் தகடு செய்யும் கம்பெனிகளுக்குச் சீன வளர்ச்சி வங்கி 2010-ம் ஆண்டில் மட்டும் 3,000 கோடி டாலருக்கு மேல் கடன் வசதி அளித்தது. அவர்கள் மாபெரும் அளவிலே செய்தார்கள், மலிவாக விற்றார்கள். அதே வேளையில் ஐரோப்பிய அரசுகள் ஊக்கத்தொகையைக் குறைக்கத் தொடங்கின. பொருள் மலையாகக் குவிந்தது. விலை மளமளவென்று சரிந்தது. சோலிண்ட்ராவோ தன் தகட்டைச் செய்யும் செலவைவிடக் குறைந்த விலைக்கு அதை விற்றுக் கொண்டிருந்தது.

சோலிண்ட்ரா மட்டும் வீழ்ந்ததா? அமெரிக்காவில் எவர்கிரீன் சோலார் 2011 ஆகஸ்டிலே திவாலானது. ஒரு காலத்தில் உலகிலேயே பெரியதாக விளங்கிய ஜெர்மானியக் கம்பெனி கியூ-செல்ஸ் 2012 ஏப்ரலிலே திவாலானது. மலிவு விலையால் மற்றவர்களை வீழ்த்திய சீனத்துச் சன்டெக் கம்பெனியின் முதன்மைப் பிரிவே 2013 மார்ச்சிலே திவாலானது. விலை வீழ்ச்சி என்னும் வெள்ளம், வெள்ளத்தைத் திறந்துவிட்டவனையும் விழுங்கியது!

இதிலே ஒரு விந்தையைக் கவனியுங்கள். கம்பெனிகள் வீழ்ந்ததற்குக் காரணம் சூரிய மின்சாரம் தோற்றதல்ல; அது வென்றது. தகட்டின் விலை இறங்கியதால்தான் கம்பெனி சாய்ந்தது. அதே விலை இறங்கியதால்தான் இன்று எளியவன் வீட்டுக் கூரையிலும் தகடு ஏறுகிறது. அந்த விலை எப்படி இறங்கியது? ஜெர்மனியின் சட்டமும் சீனத்தின் வங்கிக் கடனும் இறக்கின. அரசின் கை இல்லாமல், சந்தை மட்டும் தானாக இதைச் செய்ததென்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள்! ஆகவே, 'அரசு உதவியே கூடாது' என்பாரின் வாதம் இங்கேயே அடிபட்டுப் போகிறது.

பின்னால் வந்தவன் முன்னால் போனான்

இனி நான் சொல்லப் போவது இந்த வரலாற்றின் நடு நரம்பு. 2010-ன் இறுதியில் சோலிண்ட்ராவின் கைக்காசு தீர்ந்து வந்தது. நவம்பர் 3-ம் நாள் பழைய தொழிற்சாலையை மூடப் போவதாக அறிவித்தது. அதற்கு முந்திய நாள்தான் அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தல். அறிவிப்பைத் தேர்தல் முடியும்வரை தள்ளிவைக்க எரிசக்தித் துறை வற்புறுத்தியதாக, முதலீட்டாளர் தரப்பு மின்னஞ்சல் ஒன்று பின்னர் வெளிவந்தது. டிசம்பரில் கடன் ஒப்பந்தத்தின் நிபந்தனை ஒன்றைக் கம்பெனி நிறைவேற்றத் தவறியது.

அப்போது என்ன செய்தார்கள்? 2011 பிப்ரவரியில் புதிய ஏற்பாடு ஒன்று செய்தார்கள். தனியார் முதலீட்டாளர்கள் மேலும் 7 கோடியே 50 இலட்சம் டாலர் போடுவார்கள். ஆனால் கம்பெனி திவாலானால், அந்தப் பணம் முதலிலே அவர்களுக்குத் திரும்ப வேண்டும். அதற்குப் பிறகே அரசின் கடனுக்குக் கை நீட்டலாம்! முன்னே வந்து வரிசையில் நின்றது மக்களின் பணம். பின்னே வந்தவர் பணம், அதைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய் நின்றது.

2005-ம் ஆண்டுச் சட்டத்திலே, அரசு பிணை நின்ற கடன் வேறெந்தக் கடனுக்கும் பின்னால் போகக் கூடாது என்ற விதி இருந்தது. அதற்கு எரிசக்தித் துறையின் வழக்கறிஞர்கள் சொன்ன விளக்கம் என்ன தெரியுமா? அந்த விதி கடன் கொடுக்கும் நேரத்துக்கு மட்டும் பொருந்துமாம். பிற்பாடு மாற்றிக் கொள்ளலாமாம்! தாலி கட்டும்போதுதான் உறுதிமொழி, மறுநாள் முதல் அது இல்லை என்பதைப் போன்ற விளக்கம்!

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். புதுப்பணம் வராவிட்டால் கம்பெனி அன்றே மூடப்பட்டிருக்கும். பாதிக் கட்டடத்தை விற்று என்ன கிடைக்கும் என்று துறை வாதிட்டது. அந்த வாதத்திலே சரக்கு இல்லாமல் இல்லை. ஆனால் நான் கேட்கிறேன்: அந்த இக்கட்டிலே புதுப்பணம் போட்டவன், பணத்தின் அளவைச் சொல்லி உரிமை கேட்டான், பெற்றான். அவன் போட்டதைப் போல் ஏழு மடங்கு பணம் போட்டிருந்த அரசு, அதே இக்கட்டிலே என்ன கேட்டது? என்ன பெற்றது? கேட்டவனுக்கு முதல் வரிசை. கேளாதவனுக்குக் கடைசி வரிசை!

தொழிலாளிக்கு என்ன கிடைத்தது?

2011 ஆகஸ்டு 31-ம் நாள் ஏறத்தாழ 1,100 தொழிலாளர்கள் வேலையிழந்தார்கள். பெருந்தொகையாக ஆட்குறைப்புச் செய்வதற்கு 60 நாட்களுக்கு முன்னே அறிவிப்புத் தர வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அந்த 60 நாள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. வழக்குத் தொடுத்தார்கள். 2012-ல் உடன்பாடாகக் கிடைத்தது மொத்தம் 35 இலட்சம் டாலர். ஆளுக்கு எவ்வளவு என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

முதலீட்டாளர்களும் இழந்தார்கள். ஏறத்தாழ 100 கோடி டாலர் தனியார் முதல் அந்தக் கம்பெனியிலே போனது, மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு எரிந்த வீட்டிலும் ஒரு கட்டை மிஞ்சியது. கம்பெனியின் நட்டக் கணக்கைக் காட்டி, பிற்கால இலாபத்துக்கு வரி கட்டாமல் இருக்கும் உரிமை, திவால் திட்டத்தின்படி உரிமையாளர்களான நிதி நிறுவனங்களிடமே நின்றது. அதன் மதிப்பு 30 கோடி டாலருக்கு மேல் போகலாம் என்றும், இந்தத் திட்டமே வரியைத் தவிர்க்கும் நோக்கம் கொண்டது என்றும் அமெரிக்க வரித்துறை நீதிமன்றத்திலே எதிர்த்தது. 2012 அக்டோபரில் நீதிமன்றம் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. எரிசக்தித் துறைக்கோ கொடுத்ததிலே மிகச் சிறு பகுதிதான் திரும்பக் கிடைக்கும் நிலை. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்! கடனிலும் இழப்பு, வரியிலும் இழப்பு!

கட்சி இரண்டு, முதல் ஒன்று

அந்த முதலீட்டாளர்கள் யார்? ஒருவர், ஜார்ஜ் கெய்சர் என்னும் எண்ணெய்ச் செல்வரின் குடும்ப அறக்கட்டளையோடு தொடர்புடைய ஆர்கோனாட் நிறுவனத்தார். கெய்சர், ஒபாமாவின் தேர்தலுக்கு நிதி திரட்டியவர். மற்றொரு நிறுவனம் மாட்ரோன். வால்மார்ட் கடைகளுக்குச் சொந்தமான வால்டன் குடும்பத்தோடு தொடர்புடையது. வால்டன் குடும்பத்தார் குடியரசுக் கட்சிக்கு நன்கொடை தந்து வந்தவர்கள். கொடி இரண்டு, கோஷம் இரண்டு, ஆனால் கம்பெனியின் கணக்குப் புத்தகத்திலே இருவரும் ஒரே பக்கத்திலே இருந்தார்கள்!

கெய்சர் கடனுக்காகப் பரிந்துரைத்தாரா? இல்லை என்று அவரும் வெள்ளை மாளிகையும் மறுத்தனர். செப்டம்பர் 8-ம் நாள் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறை கம்பெனியைச் சோதனையிட்டது. அதே மாதம் நாடாளுமன்றக் குழுவின் முன் நின்ற கம்பெனி அதிகாரிகள், அரசியல் சட்டம் தரும் பாதுகாப்பைக் காட்டி, எந்தக் கேள்விக்கும் விடையளிக்க மறுத்தனர். 2015 ஆகஸ்டில் எரிசக்தித் துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் அறிக்கை வந்தது. விற்பனை ஒப்பந்தங்களைப் பற்றிக் கம்பெனி தந்த தகவல்கள் தவறானவை, மயக்கம் தருபவை என்றது. துறையின் ஆய்விலும் குறை இருந்தது என்றது. குற்ற வழக்கு எவர் மீதும் வரவில்லை.

2012-ம் ஆண்டுத் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளர் மிட் ராம்னி, மே 31-ம் நாள், மூடிய சோலிண்ட்ரா கட்டடத்தின் முன் நின்று பேசினார். அந்தப் பிணைத் திட்டத்தைப் பெற்றெடுத்தது தம் கட்சியின் ஆட்சி என்பது அவர் பேச்சுக்கு உதவாத செய்தி! சவத்தின் அருகே நின்று இரு கட்சியாரும் வாதாடினர். வரிசையிலே கடைசியாக நின்ற தொழிலாளியையும், வரி கட்டியவனையும் பற்றிப் பேச நேரமில்லை.

அதே ஊர், அதே துறை, இன்னொரு கம்பெனி

தோழர்களே! இதுவரை நட்டத்தைப் பார்த்தோம். இலாபத்தையும் பார்த்தால்தான் கணக்கு முழுமை பெறும். அதற்கு வேறு ஊருக்குப் போக வேண்டாம். அதே பிரீமாண்ட் நகரில், ஜெனரல் மோட்டார்சும் டொயோட்டாவும் சேர்ந்து நடத்தி மூடிவிட்ட மோட்டார்த் தொழிற்சாலையை, 2010-ம் ஆண்டில் ஒரு சிறு கம்பெனி வாங்கியது. அந்தக் கம்பெனியின் பெயர் டெஸ்லா. அதே எரிசக்தித் துறையின் வேறொரு திட்டத்தில், அதே ஆண்டு ஜனவரியில், 46 கோடியே 50 இலட்சம் டாலர் அரசுக் கடன் அதற்கு உறுதியாகியிருந்தது. 2013 மே மாதம், ஒன்பது ஆண்டுகள் முன்னதாகவே, டெஸ்லா அந்தக் கடனை வட்டியோடு திருப்பிக் கட்டிவிட்டது.

"பார்த்தீர்களா, அரசுக்கு வெற்றி!" என்று மகிழ்ந்தார்கள். பொறுங்கள்! அந்தக் கடன் ஒப்பந்தத்தில், டெஸ்லாவின் சுமார் 30 இலட்சம் பங்குகளைக் குறிப்பிட்ட மலிவு விலைக்கு அரசு வாங்கிக்கொள்ளும் உரிமை எழுதப்பட்டிருந்தது. ஆனால் கடனை முன்கூட்டியே கட்டிவிட்டால் அந்த உரிமை ரத்து! ஆகவே கம்பெனி முன்கூட்டியே கட்டியது, உரிமை ரத்தாயிற்று. அதன் பின்னர் அந்தப் பங்கின் விலை எத்தனை மடங்கு உயர்ந்தது என்பதை உலகம் அறியும். அதிலே அமெரிக்க மக்களுக்கு ஒரு காசும் இல்லை.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சோலிண்ட்ரா தோற்றது, நட்டம் மக்களுடையது. டெஸ்லா வென்றது; இலாபம் முதலாளியுடையது. நூறு விதை ஊன்றினால் சில முளைக்காமல் போவது இயல்பு. முளைத்த மரத்தின் கனியிலே பங்கு இருந்தால், முளைக்காத விதையின் விலையை உழவன் தாங்குவான். கனியெல்லாம் ஒருவனுக்கு, பட்டுப்போன விதையெல்லாம் மற்றவனுக்கு என்றால் அதற்கு என்ன பெயர்?

மொத்தத் திட்டமும் முங்கிவிடவில்லை என்பதும் உண்மை. 2014-ம் ஆண்டில் எரிசக்தித் துறை வெளியிட்ட கணக்கின்படி, கடன்களில் ஏற்பட்ட இழப்பு 78 கோடி டாலர். வந்த வட்டி 81 கோடி டாலர். ஏறத்தாழச் சரிக்குச் சரி. மலிவு வட்டி மட்டுமே வாங்கியும் இந்நிலை என்றால், வென்ற கம்பெனிகளில் சிறு பங்கும் இருந்திருந்தால், சோலிண்ட்ராக்கள் பலவற்றின் இழப்பை ஈடுகட்டியிருக்கலாமே!

கூடாத காரியமா?

"அரசு பங்கு கேட்டால் முதலாளி ஓடிவிடுவான், நடக்கக் கூடிய காரியமா?" என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவே நடத்திக் காட்டியிருக்கிறது. 2008-ல் முழுகவிருந்த வங்கிகளைக் கைதூக்கி விட்டபோது, அவற்றின் பங்குகளை வாங்கும் உரிமைப் பத்திரங்களை அரசு கேட்டு வாங்கியது. பின்னர் விற்றுப் பல நூறு கோடி டாலர் பெற்றது. 2009-ல் ஜெனரல் மோட்டார்சைக் காப்பாற்றியபோது நூற்றுக்கு 60 பங்கை எடுத்துக்கொண்டது. அந்தப் பங்குகளை 2013-க்குள் நட்டத்துக்குத்தான் விற்றது; ஆகவே பங்கு இருந்தாலே இலாபம் என்று நான் சொல்லவில்லை. பங்கு கேட்பது கூடாத காரியமன்று என்று மட்டும் சொல்கிறேன். எந்த முதலாளியும் ஓடவில்லை!

பொதுப்பணம் தனியார் தொழிலுக்குப் போகும்போது நாம் கேட்க வேண்டியவை நான்கு. கொடுக்கும் பணத்துக்கு ஈடாக இலாபத்திலே பங்கு உண்டா? பணம் ஒரே தவணையிலே போகிறதா, உற்பத்தியையும் விற்பனையையும் தணிக்கை செய்து படிப்படியாகப் போகிறதா? அடிக்கல் நாட்டும் அமைச்சருக்கும் கணக்குப் பார்க்கும் அதிகாரிக்கும் இடையே சுவர் உண்டா? கம்பெனி வீழ்ந்தால் முதல் வரிசையில் நிற்பது தொழிலாளியின் ஊதியமும் மக்களின் பணமுமா, கடைசியில் வந்த நிதி நிறுவனமா?

நமக்கு என்ன?

"எங்கோ கலிபோர்னியா, நமக்கு என்ன?" என்று எண்ணாதீர்கள். இந்திய அரசு, சூரியத் தகடுகளை உள்நாட்டிலே செய்வோருக்கு உற்பத்தி ஊக்கத்தொகை அறிவித்தது. 2021-ல் 4,500 கோடி ரூபாய். 2022-ல் மேலும் 19,500 கோடி ரூபாய். நம் காஞ்சிபுரம் மாவட்டத்துப் பிள்ளைப்பாக்கத்தில் 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட பர்ஸ்ட் சோலார் தொழிற்சாலையும் அந்த ஊக்கத்தொகைத் திட்டத்திலே இடம்பெற்றது. சோலிண்ட்ராவைப் போலவே சிலிக்கனை விட்டு மெல்லிய பூச்சுத் தகடு செய்து, சோலிண்ட்ரா வீழ்ந்த புயலிலே வீழாமல் நின்ற அமெரிக்கக் கம்பெனி அது. அந்தத் தொழிற்சாலைக்கு அமெரிக்க அரசின் வளர்ச்சி நிதிக் கழகம் 50 கோடி டாலர் வரை கடன் அளிக்க முன்வந்தது.

தொழில் வருவதை நாம் வரவேற்கிறோம்; வேலை வருவதை வரவேற்கிறோம். செய்து காட்டிய உற்பத்திக்கே ஊக்கத்தொகை என்பது, முன்கூட்டியே பிணை நிற்பதைவிட மேலான முறை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் நான் சொன்ன நான்கு கேள்விகளையும் இங்கேயும் கேட்போம். நிலம் மலிவாகத் தந்தாலும், மின்கட்டணத்தைக் குறைத்தாலும், வரியை விட்டுக்கொடுத்தாலும் அவையெல்லாம் மக்களின் முதல் அல்லவா? முதல் போட்டவன் கணக்குக் கேட்பது குற்றமா?

பிரீமாண்டின் அந்தப் பெருங்கட்டடத்தைப் பின்னர் சீகேட் என்னும் கணினிக் கருவிக் கம்பெனி வாங்கிக்கொண்டது. கட்டடம் கைமாறிவிட்டது. கேள்வி மட்டும் கைமாறாமல் நிற்கிறது.

ஆகவே, தோழர்களே! உங்கள் ஊரிலே அடுத்த முறை தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்படும்போது, கைதட்டுங்கள், தவறில்லை. கைதட்டி முடித்ததும் ஒப்பந்தம் எங்கே என்று கேளுங்கள். இலாபத்துக்கு வேலி போட்டுத் தனியுடைமை என்று எழுதிவைத்து, நட்டத்தை மட்டும் நாட்டுடைமை ஆக்குவதற்குப் பெயர் தொழில் வளர்ச்சி அன்று. அபாயத்திலே பங்கு கொடுத்த மக்களுக்கு ஆதாயத்திலும் பங்கு உண்டு என்ற நாள் வரவேண்டும். அந்த நாளை வரவழைக்கும் பொறுப்பு, கேள்வி கேட்கத் தெரிந்த உங்கள் கையிலே இருக்கிறது என்று கூறி, என் உரையை முடித்துக்கொள்கிறேன்.